சேமக்காலையிலிருந்து வந்த காலடிகள்

பூவரசமுனையில் கடல் எதையும் கேட்டு எடுப்பதில்லை.

முதலில் கரப்பந்து விளையாடும் இடத்தை எடுத்தது. பிறகு வலை காயப்போடும் வெளியை எடுத்தது. அடுத்த வருடம் மீன் வாடிக் கொட்டில்கள் இரண்டும் போயின. ஊர்க்காரர் பெரிதாகக் கவலைப்படவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய் வேறு வாடி போட்டுக்கொண்டார்கள்.

அதன் பிறகு கடல் சேமக்காலைக்கு வந்தது. அதைத் தள்ளி வைக்க முடியாது.

அங்கேதான் ஊரில் இறந்தவர்கள் எல்லோரும் அடக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். வெள்ளைச் சிலுவைகள் வரிசை வரிசையாகக் கடலைப் பார்த்து நிற்கும். முதல் வரிசை போன வருட மாரியில் போய்விட்டது. இரண்டாம் வரிசை இந்த வருடம் தை மாதம் போனது.

இப்போது கடல் வற்றும் நேரத்தில் ஒரேயொரு சீமெந்துச் சிலுவை தண்ணீருக்கு மேலே தெரியும். யாரோ நெஞ்சளவு தண்ணீரில் கைகளை விரித்துக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். அதன் உச்சியில் ஒரு நீர்க்காகம் வந்து உட்கார்ந்து இறக்கைகளை விரித்துக் காயவைக்கும். அப்போது அந்த உருவத்துக்கு நான்கு கைகள்.

சத்தமும் உண்டு. தண்ணீருக்குள் கிடக்கும் வெற்றுக் கல்லறையில் அலை மோதும்போது, டொக் என்று கேட்கும். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு மறுபடியும், டொக். உள்ளே இருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோல. ஒருநாள் கொலின்ஸ் மறந்துபோய், "ஆர்?" என்று கேட்டுவிட்டான். அதன் பிறகு இரண்டு நாள் அவன் கடற்கரைப் பக்கமே வரவில்லை.

யசிந்தாவும் கொலின்சும் ஒரே வகுப்பு. இருவருக்கும் பத்து வயது. யசிந்தாவின் அம்மா மேர்சி மூன்றாம் வரிசையில் இருக்கிறார். கடலிலிருந்து எண்ணினால் இப்போது அதுதான் முதல் வரிசை.

புரட்டாதி மாதம் கோயிலும் கடற்றொழிலாளர் சங்கமும் சேர்ந்து அனுப்பிய ஒரு கடிதம் வீட்டுக்கு வந்தது. அப்பா அதை வாசித்துவிட்டு வானொலிப் பெட்டிக்கு அடியில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவின் பெயர் ஜெறோம். அவர் பொதுவாகவே ஒன்றும் சொல்வதில்லை. அம்மா போன பிறகு இன்னும் குறைத்துவிட்டார்.

அவர் கடலுக்குப் போன நேரம் யசிந்தா கடிதத்தை எடுத்து வாசித்தாள். வாடைக் காற்று தொடங்குவதற்குள் கரையைக் காப்பாற்ற முடியாவிட்டால், மூன்றாம் வரிசையைத் தோண்டி எடுத்து, பெரிய வீதிக்கு அப்பால் ஒரே குழியில் எல்லோரையும் வைப்பார்கள். உறவினர் கையெழுத்துப் போட வேண்டும்.

யசிந்தா கடிதத்தைப் பழையபடி மடித்து வைத்தாள். ஒரே குழியில் பதினாறு பேர். அம்மா தெரியாத ஆட்களோடு பஸ்ஸில் பக்கத்தில் இருக்கவே கூச்சப்படுவார்.

கரையைத் திருப்பிக் கொண்டுவருவது என்று கடற்றொழிலாளர் சங்கத்தில் முடிவு செய்தார்கள். பெரிய கற்களைக் கொட்டலாம் என்றார்கள் சிலர். கல்லைக் கொட்டினால் அலை எங்களை விட்டுப் பக்கத்து ஊரைத் தின்னும், அது வேண்டாம் என்றார் சங்கத் தலைவர் செபநாயகம். அவர் சொன்னது ஓலை வேலி. கடலுக்கு ஓலை வேலியோ என்று பாதி ஊர் சிரித்தது. சிரித்தவர்களும் சனிக்கிழமை வந்து வேலை செய்தார்கள்.

கொடிகாமத்திலிருந்து லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் பனையோலை வந்தது. கடலுக்கும் சேமக்காலைக்கும் நடுவில், ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு வேலிகள் எழும்பின. காற்று மணலைத் தூக்கிக்கொண்டு வரும். வேலியில் பட்டதும் களைத்துப்போய் மணலைக் கீழே போட்டுவிடும். அவ்வளவுதான் உபாயம். விழுந்த மணலை இறுக்கிப் பிடிக்க இராவணன் மீசைப் புல்லை நட்டார்கள். உழவு இயந்திரக்காரர் யாரும் மணல் ஏற்ற வரக்கூடாது என்று ஒரு பலகையும் நட்டார்கள்.

வேலிக்குப் பின்னால் பத்துத் தடிகள். ஒவ்வொன்றிலும் முழங்கால் உயரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. கார்த்திகை மூன்றாம் திகதி செபநாயகம் வந்து பார்ப்பார். மணல் வெள்ளைக் கோட்டைத் தொட்டிருந்தால் மூன்றாம் வரிசையில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

தடிகளை அளக்கும் வேலை ஐந்தாம் வகுப்புக்கு வந்தது. யசிந்தா தானே கையை உயர்த்தி அதை வாங்கிக்கொண்டாள். பயந்தால் பேசிக்கொண்டே இருப்பான், அவளுக்குப் பேச்சுத்துணையாகும் என்று ஆசிரியை கொலின்சையும் அவளோடு அனுப்பினார்.

தினமும் பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன் அளந்தார்கள். மணல் ஏறியது. ஒருநாள் அரை விரல், ஒருநாள் ஒரு விரல். ஐப்பசி நடுப்பகுதியில் வெள்ளைக் கோட்டுக்கு இன்னும் நான்கு விரல்தான் இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை, மணல் இறங்கியிருந்தது.

அன்று கடலின் மேல் பனிப்புகார் மூடியிருந்தது. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. யசிந்தா மூன்றாவது தடியில் விரல்களை வைத்து அளந்தாள். மறுபடி அளந்தாள். மூன்று விரல் குறைவு.

வேலிக்குப் பின்னால், மணல் சரிவு முழுக்கப் பள்ளங்கள். வட்டமாக, ஆழமாக. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பக்கத்தில் எதையோ வைத்து அழுத்திய தடம். அங்கிருந்து காலடிகள் போயின.

இருவரும் காலடிகளின் பின்னால் நடந்தார்கள். அவை ஊர்ப்பக்கம் போகவில்லை. நேராகச் சேமக்காலைக்குள் போயின. அங்கே தரை இறுகிய தரை. முதல் கல்லறையின் அருகில் காலடிகள் முடிந்துவிட்டன.

வந்த காலடிகளும் அங்கிருந்துதான் தொடங்கின.

"பள்ளத்தை எண்ணினியே?" என்று கொலின்ஸ் மெதுவாகக் கேட்டான்.

"பதினொண்டு."

"கடல் கொண்டுபோன முதல் வரிசையிலை எத்தினை பேர் எண்டு தெரியுமே?"

யசிந்தாவுக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை.

"பதினொண்டு," என்றான் கொலின்ஸ். "தங்கடை மண்ணைக் கேட்டு வந்திருக்கினம்."

தண்ணீரில், டொக் என்றது. இருவரும் பள்ளிக்கூடம் வரை ஓடினார்கள். அன்று ஐந்தாம் வகுப்பில் முதலில் வந்தவர்கள் அவர்கள்தான்.

மறுநாள் பள்ளங்கள் பதினான்கு. அதற்கு மறுநாள் இருபது. முதல் வரிசைக்காரர் இப்போது இரண்டாம் வரிசைக்காரரையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள் என்றான் கொலின்ஸ். கணக்கு அவனுக்கு எப்படியும் சரியாக வந்தது.

கதை ஊரெல்லாம் பரவியது. பக்கத்து வீட்டு பெர்னடெட் மாமி ஒரு சோடாப் போத்தலில் தீர்த்தம் கொண்டுவந்து வேலி முழுவதும் தெளித்தார். பின்னேரங்களில் வேலியை இறுக்கிக் கட்ட வரும் ஆண்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். ஒருவருக்குக் கால் நோவு. ஒருவருக்கு வலை வேலை. கட்டு அவிழ்ந்த ஓலைகள் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டன. தூரத்தில் நின்று கேட்டால் பலர் ஒன்றாகக் கைதட்டுவதுபோல் இருந்தது.

இது நாய்களின் வேலை என்று சங்கக் கூட்டத்தில் செபநாயகம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

யசிந்தா அப்பாவிடம் கேட்டாள். காற்று என்றார் அப்பா. பிறகு வானொலிப் பெட்டிக்கு அடியில் இருந்த கடிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, பேனை தேடினார். பேனை யசிந்தாவின் புத்தகப்பையில் இருந்தது. அவள் எடுத்துக் கொடுக்கவில்லை.

ஆன்மாக்களின் திருநாளுக்கு மூன்று நாள் இருந்தது. கார்த்திகை இரண்டாம் திகதி, ஊர் முழுவதும் சேமக்காலைக்கு வரும். அதற்கு முன் கல்லறைகளைத் துப்புரவாக்கி, வெள்ளை பூசி, மேலே புதுக் கடல் மணல் பரப்ப வேண்டும். மணல் பரப்பாத கல்லறை, திருநாளுக்கு உடுப்பு மாற்றாத ஆள்போல. பூவரசமுனையில் யாரும் தங்கள் ஆட்களை அப்படி விடமாட்டார்கள்.

அன்று பின்னேரம், பொழுது படுகிற நேரத்தில், அப்பாவும் யசிந்தாவும் போனார்கள். அப்பா புல்லைப் பிடுங்கி, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்தார். யசிந்தா பனையோலைக் கடகத்தை எடுத்துக்கொண்டு மணலுக்குப் போனாள். போன வருடமும் அது அவளுடைய வேலைதான்.

முன்பு கரை எங்கும் வெள்ளை மணல் இருந்தது. இப்போது அலையடியில் கறுத்த கல்லும் சேறும்தான். அவள் சுற்றிப் பார்த்தாள். வேலிக்குப் பின்னால் சரிவில் மட்டும் மணல் கிடந்தது. சீனி மாதிரி, சுத்தமான மணல். அவள் தடிகளுக்கு அருகில் போகவில்லை. தள்ளிப் போய், கடகத்தைப் பக்கத்தில் வைத்து, இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள். தலையில் தூக்கிக்கொண்டு போய்க் கல்லறையில் கொட்டினாள்.

திரும்பி வந்தபோது சரிவில் ஒரு புதுப் பள்ளம் இருந்தது.

வட்டமாக, ஆழமாக. பக்கத்தில், பாரமான கடகத்தை வைத்து அழுத்திய தடம். அங்கிருந்து காலடிகள் சேமக்காலைக்குப் போயின. அங்கிருந்தே திரும்பி வந்தன. வந்த காலடிகள் அவளுடைய கால்களுக்குக் கீழேதான் முடிந்தன.

யசிந்தா அசையாமல் நின்றாள். ஊர் தேடிய பேயை அவள் கண்டுபிடித்துவிட்டாள். பேய்க்குப் பத்து வயது. கையில் கடகம் இருந்தது.

மெதுவாகத் தலையைத் திருப்பிச் சேமக்காலையைப் பார்த்தாள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஆனால் கல்லறைகள் எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தன. பெர்னடெட் மாமியின் புருசனுடையது. செபநாயகத்தின் தாய் தகப்பனுடையது. கொலின்சின் பெரியப்பாவுடையது. ஏறத்தாழ இருநூறு கல்லறைகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கடகம், இரண்டு கடகம், புது மணல்.

அவர்கள் கட்டி எழுப்பிய கரை அங்கே கிடந்தது. இறந்தவர்களின் மேல்.

ஊரிலிருந்து சேமக்காலைக்குப் போவது சீமெந்துப் பாதை. அதில் காலடி விழாது. வேலை முடித்து, பொழுது கருகும் மைமல் நேரத்தில், ஒவ்வொருவராக வந்திருப்பார்கள். பலகை உழவு இயந்திரக்காரருக்கு என்று நினைத்திருப்பார்கள். நான் ஒரு கடகம்தானே, அதுவும் என்னுடைய ஆளுக்குத்தானே என்று நினைத்திருப்பார்கள். அவளும் அதைத்தான் நினைத்தாள்.

அவள் வெறுங்கடகத்தோடு திரும்பிப் போனாள்.

"அப்பா."

"ம்."

"நாங்கள்தான் பேய்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். அவள் கையைக் காட்டினாள். முதலில் பள்ளத்தை. பிறகு கல்லறைகளை. அப்பா நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசாமல் இருப்பதில் பல வகை உண்டு. இது புது வகை.

யசிந்தா முழங்காலில் இருந்து, அம்மாவின் கல்லறை மேல் கொட்டிய மணலைக் கடகத்துக்குள் அள்ளத் தொடங்கினாள்.

"பிள்ளை, திருநாளுக்கு அம்மா வெறும் தரையாக் கிடக்கிறதே?" என்றார் அப்பா.

"இந்த முறை கிடக்கட்டும். அப்பதான் அடுத்த முறையும் இஞ்சை கிடப்பா."

அப்பா சுண்ணாம்புத் தூரிகையைக் கீழே வைத்தார். குனிந்து, மீதி மணலை அவளோடு சேர்ந்து அள்ளினார். பிறகு கடகத்தைத் தானே தூக்கிக்கொண்டு வேலியை நோக்கி நடந்தார்.

மறுநாள் யசிந்தா கொலின்சுக்குச் சொன்னாள். அவன் வாய் திறந்தபடி நின்றான். தங்கள் வீட்டில் பெரியப்பாவுக்கு இரண்டு கடகம் எடுத்ததை நினைத்துப் பார்த்தான். பிறகு, இதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்ல வேண்டும், கோயிலிலும் சொல்ல வேண்டும், யார் யார் எடுத்தார்கள் என்று பட்டியல் போட வேண்டும் என்றான்.

"வேண்டாம்," என்றாள் யசிந்தா. "அவையள் களவெடுக்கேல்லை. தங்கடை ஆக்களைச் சோடிச்சவை. கள்ளர் எண்டு சொன்னால் பிறகு வேலிப்பக்கம் ஒருத்தரும் வரமாட்டினம்."

"அப்ப என்ன செய்யிறது?"

"ஆரும் கேட்டால் சொல்லுவம்."

திருநாள் வந்தது. பின்னேரப் பூசை முடிந்ததும் ஊர் முழுவதும் மெழுகுதிரியும் பூவும் கொண்டு சேமக்காலைக்கு வந்தது. பாதர் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வந்தார். இருநூறு வெள்ளைக் கல்லறைகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் மண்ணிறமாக இருந்தது. சிரிக்கிற வாயில் விழுந்த பல்போல அது தூரத்திலிருந்தே தெரிந்தது.

பெர்னடெட் மாமிக்குப் பொறுக்கவில்லை.

"ஜெறோம், ஒரு கடகம் மணல் போட உமக்கு நேரமில்லையோ?" என்றார். "மேர்சி பாவமெல்லே."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா தரையைப் பார்த்தார். யசிந்தாவின் காதுகள் சூடாகின. ஆனாலும் அவள் முன்னால் வந்தாள்.

"போட்டனாங்கள், மாமி. பிறகு திருப்பிக் கொண்டுபோய் வேலிக்குப் பின்னாலை போட்டிட்டம்."

"ஏனடி?"

"அது வேலியின்ரை மணல். எங்களுக்கு அது முதல் தெரியேல்லை."

மாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். தண்ணீரில், டொக் என்றது. எல்லோரும் கடல் பக்கம் பார்த்தார்கள். அவர்களுக்கும் கடலுக்கும் நடுவில் வேலி நின்றது. அதன் அடியில் மணல் மெலிந்து கிடந்தது. சரிவு முழுவதும் பள்ளங்கள். மெழுகுதிரி வெளிச்சம் அந்தப் பள்ளங்களுக்குள் போகவில்லை.

மாமி தன் புருசனின் கல்லறையைப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். மறுபடியும் கல்லறையைப் பார்த்தார்.

"நான் ஒரு கடகம்தானே எடுத்தனான்," என்றார். யாருக்கும் சொல்வதுபோல் இல்லை.

"நானும் ஒண்டுதான்," என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

"நாங்கள் ரண்டு."

பிறகு சங்கத் தலைவர் செபநாயகம் தொண்டையைச் செருமினார். "நான் நாலு," என்றார்.

"அப்ப நாயள் இல்லையோ?" என்று கேட்டான் கொலின்ஸ்.

யாரோ அவன் தலையில் ஒரு குட்டு வைத்தார்கள். குட்டு வைத்தவரே சிரித்துவிட்டார். செபநாயகத்துக்கும் சிரிப்பு வந்தது. அதை மறைக்க அவர் குனிந்தார். குனிந்தவர், தன் தகப்பனின் கல்லறையிலிருந்து மணலை இரண்டு கையாலும் அள்ளினார்.

வீடுகளிலிருந்து கடகங்கள் வந்தன. வாளிகள் வந்தன. ஒருவர் சோற்றுப்பானையைக் கொண்டுவந்தார். ஒரு கையில் மெழுகுதிரி, தலையில் மணல். கல்லறைகளுக்கு நடுவிலிருந்து வரிசையாகக் கடலை நோக்கி நடந்தார்கள். கொட்டிவிட்டுத் திரும்பினார்கள். வெள்ளைக் கல்லறைகள் ஒவ்வொன்றாக மண்ணிறமாகின. ஒவ்வொருவரும் மணலை எடுக்கும் முன் சிலுவையைத் தொட்டு ஏதோ முணுமுணுத்தார்கள். மன்னிப்புக் கேட்டார்களோ, காரணம் சொன்னார்களோ, தெரியாது.

அந்த நேரம் கடலில் நின்ற பிரகாஸ் என்பவருக்கு இது ஒன்றும் தெரியாது. சேமக்காலையிலிருந்து சிறு வெளிச்சங்கள் வரிசையாகத் தன்னை நோக்கி இறங்கி வருவதை அவர் கண்டார். படகைத் திருப்பினார். அடுத்த ஊரில் கரையேறி, மறுநாள் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார்.

அதே காலையில் செபநாயகம் தடிகளைப் பார்க்க வந்தார். எட்டுத் தடிகளில் வெள்ளைக் கோடு மணலுக்குள் போயிருந்தது. இரண்டில் கொஞ்சம் வெளியே தெரிந்தது. அவர் குனிந்து, காலால் மணலைத் தள்ளி அதையும் மூடப் பார்த்தார். யசிந்தா பார்த்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டார்.

வாடை முடியும்வரை பொறுப்போம் என்றார். கடல் இரண்டாவது வேலியைத் தாண்டாவிட்டால், மூன்றாம் வரிசை அங்கேயே இருக்கும். தாண்டினால், கையெழுத்து.

அன்றிலிருந்து வேலிக்கு ஆட்கள் திரும்ப வந்தார்கள். ஒருவருக்கும் கால் நோவு இல்லை. அவிழ்ந்த ஓலைகளை இறுக்கிக் கட்டினார்கள். வீட்டு முற்றத்தில் இருந்த பழைய கடல் மணலையும் சிலர் கூட்டி அள்ளிவந்து கொட்டினார்கள்.

மார்கழியில் பெருவாடை வந்தது. மூன்று நாள் ஓயவில்லை. முதல் நாளே முன் வேலி போய்விட்டது. ஓலைகள் பறந்து வந்து கோயில் முற்றத்தில் விழுந்தன. படகுகள் எல்லாம் ஊருக்குள் இழுத்து வைக்கப்பட்டிருந்தன. அப்பா மூன்று நாளும் மழையங்கியைப் போட்டுக்கொண்டு சேமக்காலையில் நின்றார். கடல் மண்மூட்டைக்கு அடங்குமோ என்று தெரியாது. ஆனாலும் இரண்டாவது வேலியின் மெலிந்த இடங்களுக்கு மூட்டைகளை இழுத்து முட்டுக் கொடுத்தார். யசிந்தா கொண்டுபோன பாண் துண்டுகளை வாங்கிக்கொண்டார். சாப்பிட்டாரோ தெரியாது. அவர் தூங்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். வீட்டில் அவருடைய பாய் சுருட்டியபடியே கிடந்தது.

நான்காம் நாள் காலை காற்று நின்றது.

யசிந்தாவும் கொலின்சும் சீமெந்துப் பாதையால் ஓடினார்கள். சேமக்காலை வாசலில் யசிந்தா நின்றுவிட்டாள். உள்ளே பார்க்கப் பயமாக இருந்தது. கொலின்ஸ் முன்னால் போய் எட்டிப் பார்த்தான்.

"வேலி நிக்குது," என்றான்.

இரண்டாவது வேலி சாய்ந்திருந்தது. ஆனால் நின்றது. அதன் முன்பக்கம் கடற்சாதாளைப் பாசியும் உடைந்த ஓலையும் குவிந்து கிடந்தன. அதுவரைக்கும்தான் தண்ணீர் வந்திருக்கிறது. பின்பக்கம் மணல் காயாத ஈரத்தோடு, ஒரு தடமும் இல்லாமல், வழுவழுவென்று கிடந்தது. மூன்றாம் வரிசையில் பதினாறு சிலுவைகள். யசிந்தா எண்ணினாள். பதினாறும் இருந்தன.

அம்மாவின் கல்லறையில் முதுகைச் சாய்த்து, மழையங்கியைக் கழற்றாமல், அப்பா இருந்தார். தலை நெஞ்சில் கவிழ்ந்திருந்தது. அசையவில்லை.

கொலின்ஸ் அவளுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டான். "எடி, உன்ரை அப்பா," என்றான்.

யசிந்தா கிட்டப் போய்க் குனிந்து கேட்டாள். மெல்லிய குறட்டைச் சத்தம் வந்தது. அம்மா இருந்தபோது இரவில் சுவர் தாண்டிக் கேட்கும் அதே குறட்டை. அதை அவள் ஒன்றரை வருடமாகக் கேட்டதில்லை.

"நித்திரை," என்றாள் மெதுவாக. "கத்தாதை, வா."

இருவரும் காலடிச் சத்தம் கேட்காமல், தடிகளை அளக்கப் போனார்கள்.